கிழக்கு ஸ்டாண்டில் திரும்பாதவன்

"பெனால்டி! பெனால்டியேதான்! ரெஃப்ரிக்குக் கண்ணு இருக்குடா சாமி!"

அப்பா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். மழை அது பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்க யாருக்கு நேரம்? கிழக்கு ஸ்டாண்டே எழுந்து நின்று கத்தியது. கட்டிப்பிடித்தது. விசில் அடித்தது. அப்புறம்... மொத்தக் கூட்டமும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது.

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்.

தங்கள் அணிக்குப் பெனால்டி கிடைத்தால் கிழக்கு ஸ்டாண்டுக்காரர்கள் பார்க்க மாட்டார்கள். ஒருத்தரும் பார்க்கக் கூடாது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஓர் இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிஷத்தில், நாரைகள் அணியின் கேப்டன் ஒரு பெனால்டியை வானத்துக்கு அனுப்பினார். 'நாம பாத்தோம், அதான் போச்சு' என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து இந்தப் பழக்கம். அதனால் பலன் உண்டா என்று கேட்காதீர்கள். இருபத்தேழு வருஷத்தில் கப்பு என்ன, ஒரு டம்ளர்கூட ஜெயிக்கவில்லை நாரைகள்!

அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்த அவளுக்கும் வயசு இருபத்தேழுதான். அந்த இறுதி ஆட்டம் முடிந்த ஒன்பதாம் நாள் பிறந்தவள். "அந்த வருஷம் எனக்குக் கெடச்ச ஒரே கப்பு நீதான் பாப்பா" என்பார் அப்பா. நகரப் பேருந்து ஓட்டுநர். எந்த வாரம் எந்த ஷிஃப்ட் போட்டாலும் மேட்ச் நாளில் லீவு வாங்கிவிடுவார். பதினாறாம் வரிசையில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி, மகளுக்கு ஒரு நாற்காலி.

அவளும் திரும்பினாள். வழக்கமாக அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிவது பதினேழாம் வரிசைக்காரர்களின் நனைந்த பின்னந்தலைகள்தான். தபால்காரரின் வழுக்கை. கணக்கு டீச்சரின் கொண்டை.

இன்றைக்கு... இரண்டு கண்கள்!

ஒருவன் திரும்பவே இல்லை. அவளுக்கு நேர் எதிரே, ஒரு படி மேலே, கைகளைக் கட்டிக்கொண்டு மைதானத்தைப் பார்த்தபடி நின்றான். கண்ணாடி போட்டிருந்தான். அதில் மழைத்துளிகள். துளிகளுக்குப் பின்னால் கொஞ்சம் கலங்கினாற்போல, கொஞ்சம் பிடிவாதமாக, ரொம்ப ரொம்பக் கறுப்பாக... அய்யோ, யார் இவன்?

அந்தக் கண்கள் ஒரு விநாடி கீழே இறங்கி அவளைப் பார்த்தன. உடனே நிமிர்ந்து மறுபடி மைதானத்துக்குப் போய்விட்டன.

விசில்.

அவள் கண்ணை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அவனுடைய கண்ணாடியில் குட்டியாக ஒரு பச்சை மைதானம் தெரிந்தது. குட்டியாக ஒரு ஆள் ஓடினான். ஒரு வெள்ளைப் புள்ளி பறந்தது...

டங்!

கோல் கம்பத்தில் பட்ட சத்தம் ஸ்டாண்டின் உச்சி வரைக்கும் கேட்டது.

"யாரோ பாத்துட்டாங்க!" கணக்கு டீச்சர் அலறினார். "யாரு? யாரு பாத்தது?"

"இந்தத் தம்பிதான்!" தபால்காரர் அவன் தோளைப் பிடித்தார். "திரும்பு திரும்புன்னு இடிக்கிறேன், கல்லு மாதிரி நிக்கிறான்!"

"பந்தை உதைச்சவர் அங்க இருக்கார்" என்றான் அவன் நிதானமாக. "நான் இங்க இருக்கேன். என் கண்ணு போயா பந்தைத் தள்ளிவிட்டுச்சு?"

"இருபத்தேழு வருஷமா நாங்க பாக்கல தம்பி!" அப்பா அவன் பக்கம் கையை நீட்டினார்.

"அப்பவும் கப்பு வரலையே சார்!"

இப்படி ஒரு கேள்வியை இந்த ஸ்டாண்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றினாள்.

தபால்காரர் ஆவேசமாகக் கையை வீசினார். அது அவன் முகத்தை உரசிக்கொண்டு போனது. கண்ணாடி எகிறிக் கீழே விழுந்தது. அவள் பதறிப்போய்க் குனிந்தாள். குனிகிறபோதே காலை வைத்துவிட்டாள்.

கரக்!

"என்னங்க, கால்ல ரோடு ரோலரா மாட்டியிருக்கீங்க?"

"எல்லாரோடவும் சேந்து திரும்பியிருந்தா கண்ணாடி மூக்கு மேல பத்திரமா இருந்திருக்கும்!" அவளும் விடவில்லை.

"இப்ப என் எதிர்ல பேசுறது பொண்ணா தூணான்னுகூடத் தெரியல. இந்தப் படியெல்லாம் எப்படி எறங்குறது?"

பார்வை இல்லாமல் தடுமாறி நின்றவனைப் பார்க்கையில் கோபம் கரைந்துபோனது. "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, மாடியில கண்ணாடிக் கடை. அங்க கண்ணு டெஸ்ட் பண்றது நான்தான். திங்கக்கிழமை வாங்க, புதுசு போட்டுத் தரேன்" என்றாள் மெதுவாக.

ஆட்டம் டிராவில் முடிந்தது. அப்பா வீடு வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தார்.

* * *

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தான். லிஃப்ட் கம்பெனி பெயர் போட்ட நீலச் சட்டை. பாக்கெட்டில் ஸ்க்ரூடிரைவர். மூக்கின் மேல் டேப் சுற்றிய உடைந்த கண்ணாடி.

"லிஃப்ட் மெக்கானிக்கா நீங்க?"

"ஆமாங்க. நம்ம டீம் மாதிரிதான் பொழப்பு. மேல போகும்னு நம்பி எல்லாரும் உள்ள ஏறி நிப்பாங்க. பாதியில நின்னுடும்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள்.

பரிசோதனை அறை சின்னது. ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை, தட்டு நிறைய வட்ட வட்டக் கண்ணாடிகள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு அவன் முகத்துக்கு அருகே குனிந்தாள். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு அவள் செய்கிற வேலைதான். இன்றைக்கு மட்டும் கை ஏன் இப்படி வழுக்குகிறது?

"நேரா என்னைப் பாக்காதீங்க. என் காதுக்குப் பின்னால இருக்கிற சுவத்தைப் பாருங்க."

"சுவத்தையா?"

"சுவத்தைத்தான்!"

சுவரைத்தான் பார்த்தான்... பாவம். ஆனால் அவள் பார்த்தாக வேண்டுமே! அவள் வேலையே அதுதானே! அந்தக் கறுப்புக்குள்ளே வெளிச்சம் போய், ஆரஞ்சு நிறமாகத் திரும்பி வந்தது. எத்தனையோ கண்களில் பார்த்த நிறம். இன்றைக்கு மூச்சு முட்டியது. சட்டென்று நிமிர்ந்து விளக்கைப் போட்டாள்.

சோதனைக்கான கண்ணாடிச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டிவிட்டுக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டாள்.

"ஒண்ணு தெளிவா இருக்கா... இல்ல ரெண்டா?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. இன்னொரு தடவ காட்டுங்களேன்."

"ஒண்ணா... ரெண்டா?"

"இன்னொரு தடவ."

ஏழாவது தடவை இடுப்பில் கை வைத்தாள். "வெளிய நாலு பேர் உக்காந்திருக்காங்க. தெரியுதா, தெரியலையா?"

"மொத தடவையே தெரிஞ்சுதுங்க" என்றான் அவன். அந்தப் பெரிய சோதனைச் சட்டத்துக்குப் பின்னால் கண்கள் அசட்டுத்தனமாகச் சிரித்தன.

அவள் பதிலுக்குக் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு ரகசியம் சொல்லவா? அன்னைக்கு அந்தப் பெனால்டிய நானும் பாத்தேன். உங்க கண்ணாடியில தெரிஞ்சுது."

"அடப்பாவி! திட்டு முழுக்க எனக்கு மட்டுமா?"

"எங்கப்பாகிட்ட சொல்லிடாதீங்க. வீட்டுல சோறு போடமாட்டார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்த நாலு பேரும் அறைக் கதவைப் பார்த்தார்கள். அவள் அவசரமாகப் படிவத்தை எடுத்து, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டாள்.

"அப்பா, அம்மா... யாருக்காவது கண்ணுல அழுத்தம் இருக்கா?"

அவன் சோதனைச் சட்டத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "அப்பாவுக்கு இருக்கு. கண்ணுல இல்ல... மனசுல."

"புரியல."

"உங்க ஸ்டாண்டுல 'அந்தாள்'னு ஒருத்தரைச் சொல்வாங்க இல்ல? பேரைக்கூடச் சொல்லமாட்டாங்க... அது எங்கப்பா."

அவள் கையிலிருந்த பேனா நின்றது.

அந்தாள்! பெனால்டியை வானத்துக்கு அனுப்பிய கேப்டன்! சின்ன வயசில் அவள் சாப்பிட அடம்பிடித்தால், "அந்தாள் வந்துடுவான்" என்றுதான் அப்பா மிரட்டுவார். பத்து வயசு வரைக்கும் அந்தாள் என்றால் ஏதோ பூதம் என்றே நினைத்திருந்தாள்.

"டயர் கடை வெச்சிருக்கார்" என்றான் அவன். "மேட்ச் அன்னைக்கு பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்குவார், ரேடியோவோட. எங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு குழாயத் திறந்து விட்டுக்குவார். நாரைகள் கோல் போட்டா குழாய் நின்னுடும். அப்படித்தான் நாங்க ஸ்கோர் தெரிஞ்சுக்குவோம்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அதிர்ஷ்டத்துக்காகத் திரும்புறோம்னு சொல்லிக்கிறீங்க. மொத தடவ அப்படி இல்லீங்க. பந்து வெளிய போச்சு. ஆட்டம் முடிஞ்சுது. எங்கப்பா அழுதுகிட்டே உங்க ஸ்டாண்டைப் பாத்து நடந்து வந்தார், மன்னிப்புக் கேக்க. அப்ப ஒரு ஆள் எழுந்து முதுகைத் திருப்பிக்கிட்டார். அவரைப் பாத்து இன்னொருத்தர். அப்புறம் ஸ்டாண்டே திரும்பிருச்சு. அன்னைக்கு வெளிய போனவர் இன்னிவரைக்கும் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல. அதனாலதான் நான் அங்க டிக்கெட் எடுத்தேன். ஒருத்தனாவது பாத்துக்கிட்டு நிக்கணும்னு."

* * *

ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டுவிட்டாள்.

"அப்பா, அந்த இறுதி ஆட்டத்துல மொதல்ல முதுகைத் திருப்பினது யாரு?"

அப்பாவின் கை தட்டில் நின்றது. அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "சொல்லுங்களேன். அப்பல்லாம் மாரைத் தட்டிக்கிட்டு ஊர் பூரா சொன்னீங்களே" என்றாள்.

"நான்தான்" என்றார் அப்பா. "ட்யூட்டி முடிஞ்சு காக்கிச் சட்டையோட நேரா போயிருந்தேன். மொதல்ல திரும்பினது நான்தான். அதுக்கென்ன இப்ப?"

அதுக்கென்னவா? அவள் தட்டோடு எழுந்துவிட்டாள்.

அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் போனாள். அவன் புதுக் கண்ணாடியோடு பின்வரிசையில் உட்கார்ந்து, "ரோடு ரோலர், சௌக்கியமா?" என்பான். அவ்வளவுதான், சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு ஏதாவது பேசுவாள். நாரைகள் வேறு ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள்! ஒன்று, இரண்டு, மூன்று... யாருக்கும் நம்ப முடியவில்லை. தபால்காரர் அவனுக்கு 'லிஃப்ட்டு' என்று பேர் வைத்துவிட்டார். இடைவேளையில் அவன் இரண்டு டீ வாங்கி வருவான். ஒன்று இவளுக்கு. அப்பா அந்த டீயை முறைப்பார்... இவள் குடிப்பாள்.

அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கும் மழை. ஸ்டாண்டுக்கு ஏறும் இரும்புப் படிக்குக் கீழே, சொட்டுகிற தண்ணீரில் நின்று சொல்லிவிட்டாள்.

"மொதல்ல திரும்பின அந்த முதுகு... எங்கப்பாவோடது."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. "காக்கிச் சட்டை?"

"ம்."

"எங்கப்பா இப்பவும் தூக்கத்துல சொல்வார். 'காக்கிச் சட்டை, காக்கிச் சட்டை'ன்னு. போலீஸ்னு நினைச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "எத்தனை நாளாத் தெரியும்?"

"அஞ்சு வாரமா."

"அஞ்சு வாரம்... என் கண்ணைப் பாத்துச் சிரிச்சுப் பேசிக்கிட்டே இதை மறைச்சிருக்கீங்க."

"சொன்னா போயிடுவீங்களோன்னு..."

"இப்ப மட்டும்?" என்றான். திரும்பி மழைக்குள் நடந்தான். அவள் கூப்பிட்டாள். அவன் காதில் விழுந்ததா, மழையில் கரைந்ததா, தெரியாது. பதினேழாம் வரிசையில் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது.

எண்பத்து மூன்றாவது நிமிஷம். கோல் இல்லை. நாரைகளின் முன்கள ஆட்டக்காரனை யாரோ தள்ளிவிட... விசில்!

பெனால்டி!

கத்தினார்கள். கட்டிக்கொண்டார்கள். திரும்பினார்கள்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் காலி நாற்காலியைப் பார்க்க வேண்டும். அது மட்டுமா? அழுதுகொண்டு நடந்து வந்த ஒரு மனுஷனுக்குக் காட்டிய முதுகு இது. இதை இனிமேல் அவளால் செய்ய முடியாது. உடம்பே மறுத்தது.

"பாப்பா, திரும்பு!" அப்பா பல்லைக் கடித்தார், மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி.

"மாட்டேன்பா."

"கப்பு விஷயம்டி! திரும்பு!"

"உதைக்கப் போறவனுக்கு இருபது வயசுப்பா. அவன் நிமிந்து பாத்தா ஒரு முகமாவது தெரியட்டும். இவன் தப்பவிட்டா இவனையும் அந்தாள்னு கூப்பிடுவீங்களா?"

"இப்ப எதுக்கு அந்தாள் பேச்சு?"

ஸ்டாண்டு மொத்தமும் மூச்சு விடாமல் நின்றது. ஆட்டக்காரன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். அவள் அடக்கி அடக்கி வைத்திருந்தது அந்த நேரம் பார்த்தா வெளியே வரணும்?

"ஏன்னா... அந்தாளோட பையனைத்தான்பா நான் காதலிக்கிறேன். லிஃப்ட்டு."

"என்னது?!"

அப்பா அப்படியே சுழன்று திரும்பினார். மகளைப் பார்க்கத்தான் திரும்பினார். ஆனால் மகளின் தோளுக்கு மேலே, மழைக்குள்ளே, வெளிச்சத்தில், ஒரு பந்து... தாழ்வாக, நேராக, வலையின் இடது மூலைக்குள் போய் அடங்கியது.

கோல்!

எதிர் ஸ்டாண்டிலிருந்த நாரைகள் ரசிகர்கள் கூரை பிய்யக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கிழக்கு ஸ்டாண்டுக்கே தெரிந்தது. தபால்காரர் கணக்கு டீச்சரைத் தூக்கிவிட்டார். எல்லோரும் ஆடினார்கள். அப்பா மட்டும் வாயைத் திறந்தபடி நின்றார்.

"பாப்பா... நான் பாத்துட்டேன்... பாத்தும் உள்ள போயிருச்சு!"

"ஆமாம்பா!"

"எவ்வளவு அழகாப் போச்சு... இருபத்தேழு வருஷத்துல எத்தனை பெனால்டி... எல்லாத்தையும் விட்டுட்டேனே!" நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவே இல்லை. "அப்ப அந்த மனுஷன் மேல என்ன தப்பு?" என்றார்.

அந்தாள் இல்லை. அந்த மனுஷன். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல என்னமோ சொன்னியே..."

"கேட்டுச்சு இல்ல?"

"கேட்டுச்சு. இன்னொரு தடவ சொல்லிடாத. இதயம் ஒண்ணுதான் இருக்கு."

* * *

மறுநாள் காலை அப்பா காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். ட்யூட்டி மதியம்தான். "வா" என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

டயர் கடை வாசலில் தண்ணீர்த் தொட்டி முன்னால் ஒருவர் குந்தியிருந்தார். டியூபை அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை. ஆனால் தோள்கள் இன்னும் ஆட்டக்காரரின் தோள்கள். உள்ளே அவன்... லீவு நாளில் அப்பாவுக்கு உதவியாக ஜாக்கியைச் சுற்றிக்கொண்டிருந்தவன், இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"என்ன வண்டி?" என்றார் பெரியவர், நிமிராமல்.

"வண்டி இல்ல" என்றார் அப்பா. தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு... மொதல்ல திரும்பினது..."

பெரியவர் நிமிர்ந்தார். சட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த டியூப் தண்ணீருக்குள் நழுவியது.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார் அப்பா. "பெரிய தப்பு. நீங்க அழுதுகிட்டு வந்தீங்க. நான் ஒரு நிமிஷம் நின்னு பாத்திருக்கலாம். என்னை மன்னிச்சிருங்க... கேப்டன்."

கேப்டன்! அந்த வார்த்தையை யாரும் அவரிடம் சொல்லி இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. பெரியவர் எழுந்து ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"நானும் அந்தப் பந்தை இன்னும் அடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். "கண்ண மூடினா அதுதான். ஒரு தடவையாவது உள்ள போகாதான்னு."

"ஞாயித்துக்கிழமை ஃபைனல். வெளியூர் கிரவுண்டு. எங்க ஸ்டாண்டுக்காரங்களுக்கு நான்தான் பஸ் ஓட்டுறேன். என் பின்னாடி சீட்டு உங்களுக்கு. வரணும்."

பெரியவர் தொட்டியிலிருந்து டியூபை எடுத்து உதறினார்.

"ஜன்னலோரமா?"

"ஜன்னலோரம்தான்!"

அந்தப் பக்கம் பெரியவர்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க, இந்தப் பக்கம் அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"மறைச்சது தப்பு" என்றாள். "அப்பா பண்ணினதுக்கு அப்பா கேட்டுட்டார். நான் பண்ணினதுக்கு நான் கேக்கிறேன்."

"எனக்குக் கோவம் இன்னும் இருக்குங்க" என்றான் அவன். "போகமாட்டேங்குது. ஆனா... இன்னிக்கு நீங்க வரலைன்னா இன்னும் கோவம் வந்திருக்கும்."

இதற்கு என்ன அர்த்தம்? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். மண்டை காய்ந்தது.

* * *

பஸ் கிளம்புவதற்கு முன் அப்பா ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து திரும்பி நின்றார். "எல்லாரும் கேளுங்க. ஜன்னலோரம் உக்காந்திருக்கிறவர்... நம்ம கேப்டன்."

தபால்காரர்தான் முதலில் எழுந்தார். சீட்டுகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு வந்து கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் கணக்கு டீச்சர்.

"மன்னிச்சுக்கங்க சார். கிளாஸ்ல தப்பான கோணம்னா உங்க ஷாட்டைத்தான் போர்டுல வரைஞ்சு காட்டுவேன்."

"எத்தனை டிகிரி போட்டீங்க?"

"நாப்பது."

"முப்பத்தஞ்சும்மா" என்றார் கேப்டன். "கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கலாம்."

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்போடுதான் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? அழகான ஆட்டம் என்று சொன்னால் பொய். சேறு, வழுக்கல், எண்பது நிமிஷம் நகக்கடி. எண்பத்தெட்டாவது நிமிஷம் ஒரு கார்னர். பந்து யார் யார் மேலோ பட்டது, கடைசியில் நாரைகளின் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் முழங்காலில் பட்டு, அவருக்கே தெரியாமல், உருண்டு, உருண்டு... கோல் கோட்டைத் தாண்டியது.

ஒன்றுக்குப் பூஜ்யம்! கடைசி விசில்! இருபத்தேழு வருஷம்!

அப்பா கேப்டனைத் தூக்கினார். முடியவில்லை, கேப்டன் அப்பாவைத் தூக்கினார். கணக்கு டீச்சர் எண்ணிக்கையே இல்லாமல் எல்லோருக்கும் முத்தம் கொடுத்தார். தபால்காரர் அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். யார் கத்துகிறார்கள், என்ன கத்துகிறார்கள், ஒன்றும் புரியவில்லை. மழை வேறு சேர்ந்துகொண்டது.

அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். தலையெல்லாம் நனைந்து, கண்ணாடியெல்லாம் துளி. ஏதோ சொன்னான்.

"என்ன?"

மறுபடி சொன்னான்.

"கேக்கலைங்க!"

காதருகில் குனிந்து கத்தினான். அதே நேரம் பின்னால் பத்து பேர் கத்தினார்கள். அவள் கையை விரித்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

கீழே மேடையில் நாரைகளின் அணித்தலைவர் கோப்பையின் இரண்டு காதுகளையும் பிடித்துக் குனிந்தார். தூக்கப் போகிறார்! அதைப் பார்த்ததும், சொல்லிவைத்தாற்போல ஸ்டாண்டு முழுக்க ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு சத்தம் இல்லை. ஒரு அசைவு இல்லை. இருபத்தேழு வருஷம் காத்திருந்த அத்தனை பேரும் வாயடைத்து நின்ற அந்த ஒரு விநாடியில்...

"கோவமெல்லாம் போயிருச்சு! எனக்கு உன்னைத்தான் புடிச்சிருக்கு! உன்னை மட்டுந்தான்! என்னைக் கட்டிக்கிறியா?"

மைதானம் முழுக்க எதிரொலித்தது.

அத்தனை தலைகளும் அவன் பக்கம். தபால்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். கேப்டன் மகனை வியந்து பார்த்தார். கீழே மேடையில் அணித்தலைவர்கூடக் குனிந்தவர் அப்படியே நின்று, யாருடா அது என்று ஸ்டாண்டைப் பார்த்தார். அவனுக்குக் காது நுனி வரைக்கும் சிவந்துபோனது.

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். கேப்டனைப் பார்த்தார். அப்புறம் மகளிடம், சத்தமாக, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"என்ன பாப்பா, வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? சீக்கிரம் பதிலைச் சொல்லு. அங்க அவங்க கப்பைத் தூக்கணும்!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மழைத்துளிகளுக்குப் பின்னால் அந்தக் கண்கள் பயந்துபோய்க் காத்திருந்தன.

"எனக்கும் உன்னைத்தான்டா புடிச்சிருக்கு! கட்டிக்கிறேன்... கட்டிக்கிறேன்!"

கோப்பை மேலே எழுந்தது. எழுந்த சத்தத்தில் அவன் அடுத்துச் சொன்னது எதுவுமே அவளுக்குக் கேட்கவில்லை. அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.